பத்து நிமிடத்தில் மாற்றுவேன் என்ற ஃபயர்வால்

இதைப் படிக்கிறவரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை வளைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். பதினான்கு வயதிலிருந்து அதுதான் என் பயிற்சி. சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குக் கைதட்டும் வேலை கிடையாது. நடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். சொல்லும்போது என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் இடம் எங்காவது வந்தால், அங்கே மட்டும் என்னை நிறுத்துங்கள்.

வில்லியனூரிலிருந்து பாகூர் செல்லும் வழியில், தம் குடும்பத்துக் கரும்புக் கொல்லையில் பாதியை அழித்து ஒருவர் கட்டிய தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். படித்ததும் அங்கேதான். கட்டியவரைத் தாளாளர் என்போம். அவருக்கு இரண்டு பற்றுகள்: ஒன்று நிலம், மற்றொன்று பட்டிமன்றம். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவர் அறையில் கூட்டம். எந்தப் பொருளானாலும் அதற்கு இரண்டு அணி. பேருந்துக்கு டயர் மாற்றுவதா, பேருந்தையே மாற்றுவதா? விடுதியில் இரவுக்குச் சப்பாத்தியா, இட்லியா? இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கு நான்கு நிமிடம். மேசைமேல் ஒரு பித்தளை மணி. தாளாளர் நடுவர். அவர் சொல்லும் தீர்ப்பே உத்தரவு. எழுத்தில் வேறு உத்தரவு வராது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்ததில்லை. அந்த அறையில் பேசத் தெரிந்தவன் பிழைத்தான். தெரியாதவன் டயர் கேட்கப் போய்ப் பேருந்தை இழந்து வந்தான்.

இறுதியாண்டில் ஆண்டு விழா மேடையில் நான் பேசி முடித்ததும், தாளாளர் ஒலிபெருக்கியை வாங்கி, "இந்தப் புள்ள வெளிய போவக் கூடாது" என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. கணினி வலையமைப்பில் எனக்கு முதல் வகுப்பு உண்டு. ஆயினும் வேலையை வாங்கித் தந்தது என் வாய்.

சர்வர் அறையில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர், டிப்ளமோ படித்தவர், ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தப் பணி. அந்த வளாகத்தில் ஓடும் கேபிள்களில் பெரும்பாலானவை அவர் கையால் இழுத்தவை. மாணவர்கள் அவரைக் கேபிள் அக்கா என்பார்கள். நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அந்த மாதம் அவருடைய நிரந்தர ஆணைக்கான கோப்பு தாளாளர் மேசைக்குப் போயிருந்தது. கல்லூரி முழுக்க அது தெரியும். ஏன் அந்த மாதம் என்பதும் தெரியும்: அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், நிரந்தர ஊழியரின் பிள்ளைக்கு எங்கள் கல்லூரியில் கட்டணமின்றி ஓர் இடம் உண்டு. ஒப்பந்த ஊழியரின் பிள்ளைக்குக் கிடையாது. அந்த ஒரு கையெழுத்தில் ஒரு பெண்ணின் பொறியியல் படிப்பு இருந்தது.

இப்போது ஃபயர்வாலைச் சொல்ல வேண்டும். வெளியுலக இணையத்துக்கும் உள்ளே இருக்கும் ஆயிரம் கணினிகளுக்கும் இடையில் நிற்கும் காவல் பெட்டி அது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம், விடுதிக்கு எது, தேர்வு அறைக்கு எது என்ற விதிகளெல்லாம் அதனுள் இருக்கும். எங்களிடம் இரண்டு பெட்டிகள் சோடியாக இருந்தன. ஒன்று தலைவன், வேலை செய்யும். மற்றது துணை, விழித்திருக்கும். எதற்குக் கொடுத்த முன்னுரிமை எண் பெரிதோ, அதுவே தலைவன். தலைவன் விழுந்த நொடியில் துணை எழுந்து நிற்கும். இருவரையும் ஒரு குட்டைக் கேபிள் இணைத்திருக்கும். தலைவனிடம் உள்ள விதிகளை அந்தக் கேபிள் வழியாகத் துணை அப்படியே படியெடுத்துக்கொள்ளும். இரண்டு பெட்டிகளும் வெயில் காலத்தில் தாமாகவே அணைந்து எழத் தொடங்கின. விற்ற நிறுவனம் அதே மாதிரியில் புதிதாக இரண்டைக் கொடுத்தது. பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டும். இணையம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அதைப் பட்டிமன்றம் ஆக்கினோம்.

திங்கட்கிழமை. தலைப்பைத் தாளாளரே அறிவித்தார்: "ஃபயர்வால் மாத்தறது ஞாயித்துக்கிழமையா, சாப்பாட்டு நேரத்துலயா?" ஞாயிறு அணிக்கு அக்கா. மறு அணிக்கு நான்.

அவர் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சார், ஞாயித்துக்கிழம பசங்க இருக்க மாட்டாங்க. மொதல்ல தொணப் பொட்டிய கழட்டிட்டு, புதுசு ஒண்ண அந்த எடத்துல வைக்கலாம். அதுக்கு நம்பர் கம்மியா குடுத்து தொணையாவே சேர்க்கணும். அது பழசுகிட்டருந்து எல்லாத்தையும் எடுத்துக்கும். ஒரு மணி நேரம் பாத்துட்டு, அப்பறமா இன்னொண்ண மாத்தலாம். நெட்டு நிக்கவே நிக்காது சார்."

"எவ்ளோ நேரம்மா ஆவும்?" என்றார் தாளாளர்.

"முழு நாள் வச்சிக்கலாம் சார்."

"ஞாயித்துக்கிழம நீ மாதா கோயிலுக்குப் போவணுமே?"

"ஒரு வாரம் போவலன்னா ஒண்ணும் இல்ல சார்."

அவர் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். எழும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளி ஓர் ஓசை எழுப்புவேன். அறை திரும்பிப் பார்க்கும்.

"நடுவர் அவர்களே! எதிரணி அக்கா ஒரு முழு நாள் கேட்கிறார். ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்து, நிமிர்ந்து பார்த்து, மறுபடி குனிந்து, இன்னொன்றை எடுத்து, இன்னொன்றை வைத்து... அக்கா, இது நாற்று நடவு அல்ல!"

அறை வெடித்தது. தாளாளர் சிரித்த வேகத்தில் கை பட்டு மணி தானாக ஒலித்தது. அக்காவின் தாயார் தாளாளர் குடும்பத்துக் கழனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடவு நட்டவர். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அதுவரை ஒருவரும் அதைச் சொன்னதில்லை. தற்செயலாக வந்து விழுந்த உவமை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். சாட்சியே, முந்தைய நாள் மாலை அதைக் கண்ணாடி முன் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். 'குனிந்து' என்ற சொல்லுக்குப் பிறகு எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அளந்தேன்.

பிறகு என் திட்டத்தை வைத்தேன். புதிய பெட்டியை ஏன் முதலில் துணையாக வைத்து, பிறகு தலைவனாக உயர்த்த வேண்டும்? வரும்போதே பெரிய எண்ணைக் கொடுத்து, வந்தவுடன் தலைமையை ஏற்கச் செய்தால் ஒரு படி மிச்சம். பத்து நிமிடத்தில் முடிப்பேன் என்றேன்.

அக்கா பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "தம்பி, அது காலிப் பொட்டிபா. காலியா இருக்கறது தலைவனா வந்தா, நெறஞ்சி இருக்கறது அதப் பாத்து தானும் காலி ஆயிடும். தொணதான் தலைவன்கிட்டருந்து எடுத்துக்கும். தலைவன் தொணகிட்டருந்து எடுத்துக்காது."

அது உண்மை. பாடத்தில் நானும் படித்திருந்தேன். அந்தக் கணத்தில் அது என் நினைவின் விளிம்பில் வந்து நின்றதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பதிலைத் தேடவில்லை, பதிலடியைத் தேடினேன். அது சுவரோரம் உட்கார்ந்திருந்தது: தாளாளரின் மகன். அந்த ஆண்டுதான் துணைத் தாளாளர் ஆக்கப்பட்டிருந்தார். பழைய பேராசிரியர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலில் ஒரு திருத்தம். இந்த அவையில் தம்பி இல்லை, எதிரணி உண்டு. அடுத்து, புதியவன் தலைமை ஏற்றால் வீடு காலியாகிவிடும் என்று பழையவர்கள் எல்லாக் காலத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நடுவர் அவர்களே. வீடு காலியானதில்லை. முணுமுணுத்தவர்கள்தான் காலியானார்கள்!"

மகன் முதலில் கைதட்டினார். மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியுமா?

தீர்ப்பு: வியாழக்கிழமை, சாப்பாட்டு இடைவேளை. அன்று பிற்பகல் இரண்டரைக்கு இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு நிறுவனம் இணையவழி வேலைத் தேர்வு நடத்தவிருந்தது. "புதுசு ஓடட்டும், அவனுங்களும் பாக்கட்டும்" என்றார் தாளாளர். அக்கா தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் என்னைச் சார் என்று அழைத்தார்.

வெற்றியோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வியாழக்கிழமை அக்காவைக் கடைசிக் கட்டடத்தில் தேர்வு நடக்கும் கணினிக்கூடத்துக்கு அனுப்பும்படி அலுவலகத்தில் கேட்டேன். சர்வர் அறைக் கதவுக்கு அவரிடம் இருந்த அட்டையையும் அன்று ஒரு நாள் நிறுத்தச் சொன்னேன். "பொறுப்பு ஒரே கையில் இருக்க வேண்டும்" என்று காரணம் எழுதினேன். உண்மைக் காரணம், நான் செய்வதை அவர் பின்னால் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழன் பன்னிரண்டரைக்குக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கையில் வேறொரு தாள். ஐந்து வரி எழுதியிருந்தார்.

"இத மட்டும் ஒரு வாட்டி பாத்துக்கங்க சார். பெரிய நம்பர் வேணாம். கேபிள கடைசியா போடுங்க. பேக்கப் எடுத்தீங்களா?"

"இருக்கு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"சர்வர்ல."

"அந்த சர்வருக்குப் போறதுக்கே ஃபயர்வால் வேணுமே சார்? இது படுத்துச்சின்னா எப்பிடி எடுப்பீங்க?"

"அக்கா, மணி அடிச்சாச்சு. உங்க நாலு நிமிஷம் திங்கட்கிழமையே முடிஞ்சு போச்சு."

அவர் தாளை நீட்டியபடியே நின்றார். வாங்கிக்கொண்டேன். கதவை மூடினேன். சர்வர் அறையில் ஓர் ஆடும் ஸ்டூல் இருந்தது. அந்தத் தாளை மடித்து அதன் காலுக்கு அடியில் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. அதற்காகச் சிரிக்கவும் செய்தேன்.

ஒன்று ஐந்துக்குத் தொடங்கினேன். பழைய துணையைக் கழற்றினேன். புதியதை வைத்தேன். பெரிய எண்ணைக் கொடுத்தேன். எல்லாக் கேபிள்களையும், அந்தக் குட்டைக் கேபிளையும் சேர்த்து, ஒரே மூச்சில் செருகினேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. புதிய பெட்டி தலைமை ஏற்றதாகத் திரையில் வரி வந்தது. கல்லூரி வாட்சாப் குழுவில், "முடிந்தது. ஒன்பது நிமிடம்" என்று போட்டேன். தாளாளரிடமிருந்து மூன்று கைதட்டல் பொம்மைகள் வந்தன.

அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இணையம் நின்றது.

திரையைத் திறந்து பார்த்தேன். புதிய தலைவனிடம் ஒரு விதியும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான், பழையதிடமிருந்து நிரம்பிவிடும் என்று நம்பியிருந்தேன். பழையதைப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த விதிகள், எந்தக் கூடம், எந்த விடுதி, எந்தத் தேர்வு, எல்லாவற்றையும் அது தன் புதிய தலைவனைப் பார்த்துப் பணிவோடு அழித்துக்கொண்டிருந்தது. அந்த விதிகளில் பெரும்பகுதி அக்கா எழுதியவை.

கைபேசி அடித்தது. அக்கா. துண்டித்தேன். மறுபடி அடித்தது. துண்டித்தேன். மொத்தம் ஏழு முறை. எடுத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்திருந்தால் அவர் வென்றிருப்பார். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

காப்புப் பிரதி இருந்த சர்வரை அடைய முடியவில்லை; அவர் கேட்டது அப்படியே நடந்தது. விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். காத்திருக்கச் சொல்லி ஓர் இசையைப் போட்டார்கள். நினைவிலிருந்து விதிகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். நாற்பதைக் கூடத் தாண்ட முடியவில்லை. இரண்டரை ஆயிற்று. மாணவர்கள் கணினிகளின் முன் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு, தேர்வு நடத்த வந்திருந்த நிறுவனத்துக்காரர்கள் இருவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகக் குழுவில் செய்தி வந்தது. அதற்குக் கீழே எவரும் எதுவும் எழுதவில்லை.

மூன்றேகாலுக்கு அலுவலக உதவியாளர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தம் அட்டையால் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னாலேயே அக்கா உள்ளே வந்தார்.

"நவுருங்க."

நகர்ந்தேன். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். குட்டைக் கேபிளைப் பிடுங்கினார். புதிய பெட்டியில் அந்தப் பிரதியை ஏற்றினார். பெட்டி அணைந்து எழுந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் வளாகம் முழுவதும் இணையம் வந்தது. வெளியே நடையில் யாரோ "வந்துருச்சிடா" என்று கத்தினார்கள். அதற்குள் தேர்வு போயிருந்தது.

"எப்ப எடுத்தீங்க பேக்கப்ப?" என்றேன்.

"காலைல. ஆபீஸ்லருந்து, நீங்க வர்றதுக்கு முன்ன."

"ஏன்?"

"நீங்க சர்வர்லதான் வைப்பீங்கன்னு தெரியும் சார்." ஆறிப்போன தேநீரை என் பக்கம் தள்ளினார். "குடிங்க. மூஞ்சியே செத்துப்போயிருக்கு. எல்லாருக்கும் நடக்கறதுதான். மொதல் வருசத்துல நான்கூட ஹாஸ்டல் முழுக்க அணைச்சிட்டு அழுதுனு ஒக்காந்திருந்தேன். திங்கக்கிழம நடந்தத நடந்த மாதிரி சொல்லிடுங்க. திட்டிட்டு விட்டுடுவாரு. உங்களத் திட்டக்கூட மாட்டாரு."

இவ்வளவு எளிதான ஒரு வழியை எனக்கு யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. அதை அவர் காட்டினார் என்பதாலேயே என்னால் அதில் போக முடியவில்லை.

திங்கட்கிழமை தலைப்பு: "வியாழக்கிழமை மானம் போனதுக்குக் காரணம் மெஷினா, மனுசனா?" மெஷின் அணி எனக்கு. மனுசன் அணி அக்காவுக்கு.

"நான் அணியெல்லாம் எடுக்கல சார். நடந்தத சொல்லிடறேன்" என்று எழுந்தார். புதிய பெட்டிக்குப் பெரிய எண் கொடுக்கப்பட்டது, காலியாக இருந்தது தலைவன் ஆனது, நிறைந்திருந்ததும் காலியானது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். யார் கொடுத்த எண் என்று சொல்லவில்லை. ஏழு அழைப்புகளைச் சொல்லவில்லை. கதவு அட்டையை நிறுத்தியதைச் சொல்லவில்லை. என்னை அவர் விட்டுவைத்தார். விட்டுவைத்ததை நான் கவனித்தேன். எதிரணியின் பலவீனம் என்று குறித்துக்கொண்டேன். என் தயாரிப்பு முழுவதும் அவருடைய பென் டிரைவைப் பற்றியது.

"நடுவர் அவர்களே! இயந்திரம் பழுதாகும், அது இயந்திரத்தின் இயல்பு. பழுதான இயந்திரத்தை நிறுவனம் மாற்றித் தரும். ஆனால் நான் வேறொன்றைக் கேட்கிறேன். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. வீட்டுக்காரர் தவிக்கிறார். அந்த வழியே வந்த ஒருவர் தம் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கள்ளச்சாவியை எடுத்துத் திறந்து கொடுக்கிறார். நன்றி சொல்வோமா? அல்லது இந்தச் சாவி உங்கள் பைக்குள் எப்படி வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, யார் யார் வீட்டுக்குப் போய்வந்தது என்று கேட்போமா?"

கல்லூரியின் எல்லா விதிகளும், எல்லாக் கடவுச்சொற்களும் ஒரு டிபன் பாக்ஸுக்கு அடியில் பேருந்தில் பயணம் செய்தன என்றேன். பொய்தான், காலையில் எடுத்த பிரதி வளாகத்தை விட்டு வெளியே போகவே இல்லை. பேருந்து என்ற சொல் அந்த இடத்தில் அழகாக இருந்தது.

தாளாளர் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, யாரக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல சார். அது இல்லன்னா அன்னைக்கி..."

மணி அடித்தது. அவர் பேசும் முறை ஏற்கெனவே முடிந்திருந்தது.

நிரந்தர ஆணைக் கோப்பு அந்த மேசைமேல்தான் கிடந்தது. தாளாளர் அதை எடுத்து மகனிடம் கொடுத்தார். மகன் இழுப்பறையில் போட்டார். ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது என்பது தீர்ப்பு. கல்லூரியின் பாதுகாப்பைக் காத்ததற்காக எனக்குச் சால்வை போட்டார்கள். அது தோளில் விழுந்தபோது மகிழ்ந்தேன். மகிழவில்லை என்று எழுதினால் இங்கே எழுதும் முதல் பொய் அதுவாக இருக்கும்.

மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி வாசலில் பேருந்து நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். கேண்டீன் பெண்கள் இருவர், அலுவலக உதவியாளர், ஊருக்குப் போகும் சில மாணவர்கள் உடன் நின்றிருந்தார்கள். அக்காவின் கையில் ஒரு துணிக்கடைப் பை. ஒன்பது ஆண்டுப் பொருள்கள் அதில் அடங்கியிருந்தன: கேபிள் முனை நெரிக்கும் சொந்தக் கருவி, ஒரு கோப்பை, மாதா படம். வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"இன்னா சார், சால்வையக் காணோம்?" என்றார் அக்கா.

"வண்டிப் பொட்டில வச்சிருப்பாரு. கசங்கிடப் போவுது பாவம்" என்றார் கேண்டீன்காரம்மா.

"அக்கா, நிகழ்ந்தவற்றுக்காகத் தங்களிடம் நான்..."

"தங்களா? யாருடி இங்க தங்கள்?" கேண்டீன்காரம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். "ஏம்பா, வூட்ல சோறு கேக்கும்போதும் இப்பிடித்தான் கேப்பியா?"

வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"எம் பொண்ணு வாசல்லயே நிப்பா" என்றார். சிரிப்பு போயிருந்தது. "ஆர்டர் வந்துச்சாம்மான்னு கேப்பா. பத்து நாளா அதான் கேக்கறா. கள்ளச்சாவின்னு சொன்ன இல்ல? அவகிட்ட அத எப்பிடிச் சொல்லணும், சொல்லிக் குடு. நீதான் நல்லா சொல்லுவியே."

"உண்மையச் சொல்றேன்கா."

"எங்க? இங்கயா? இங்க நிக்கற எல்லாருக்கும் அது தெரியும். அந்த ரூம்ல சொல்லுவியா?"

"சொல்வேன்."

"மொனகாத. அங்க எப்பிடிக் கத்தன? அப்பிடிச் சொல்லு. இவங்க கேக்கட்டும். மேடைத் தமிழ் வேணாம். வூட்ல பேசற மாதிரி பேசு."

சாட்சியே, நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், அதற்குப் பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்; முடிவை முதலில் உடைத்தால் கைதட்டல் விழாது. அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போனேன். தலைப்பு, விடுதிக்குச் சுற்றுச்சுவரா, கம்பிவேலியா. சுவர் அணிக்கு நான். வென்றேன். அதற்கடுத்த திங்களும் போனேன். மாணவர் சேர்க்கை முடிந்து பட்டியல் ஒட்டிய நாளில் நின்று முழுவதும் படித்தேன்; அக்காவின் மகள் பெயர் அதில் இல்லை. இப்போது சர்வர் அறைக்கு நான்தான் பொறுப்பாளர். அக்கா மூலக்குளத்தில் ஒரு கேமரா பொருத்தும் கடையில் வேலை செய்கிறார். ஒரு நாள் வில்லியனூர்ச் சாலையில் ஏணிமேல் நின்று ஒரு நகைக்கடை வாசலில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பல்லில் கடித்திருந்த திருகாணியை எடுத்து முடுக்கத் தொடங்கினார். இந்தக் கட்டுரையில் ஒருவர் பெயரும் இல்லை. அது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள்; என் பெயரை மறைக்க மற்றவர்கள் பெயரையும் மறைக்க வேண்டியிருந்தது.

அன்று அந்த நிறுத்தத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்துபோகும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, என் குரல் எட்டும் உயரத்துக்கு, நான் சொன்னது இது:

"அடுத்த திங்கக்கிழம அதே ரூம்ல, அதே ஆளுங்க எதிர்ல, பெரிய நம்பரப் போட்டது நான்தான்னு சொல்றேன்கா. உங்களத் தூரமா அனுப்பி வச்சது நான். கதவ சாத்தனது நான். ஏழு வாட்டி போன கட் பண்ணது நான். பஸ்ல போச்சின்னு சொன்னது பொய்யின்னும் சொல்றேன். சொல்லிட்டு, உங்க ஆர்டர என் கையாலயே வாங்கினு, உங்க வூட்டுக்கு வந்து உங்க பொண்ணுகிட்ட குடுக்கறேன்."